பிசிஓடிக்குக் கோழியைக் குற்றம் சொன்னது போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கொஞ்ச நாள் முன்னால் பெண்களுக்குச் சினைப்பையில் வரும் நீர்க்கட்டி, அதாவது பிசிஓடி (பிசிஓஎஸ் என்பதும் இதைத்தான்) பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்தது. காரணம் என்று அதில் போட்டிருந்தவை: பிராய்லர் கோழி, பாக்கெட் பால், பீட்சா, செல்போன், ராத்திரி கண்விழிப்பு, இறுக்கமான உடை. எல்லாமே அந்தப் பெண் தின்கிறது, உடுத்துகிறது, கையில் வைத்திருக்கிறது. படித்து முடிக்கிற யாருக்கும் அவளாகத்தான் இதை இழுத்துவிட்டுக்கொண்டாள் என்றுதான் தோன்றும். எனக்கு அதில்தான் கோபம். நான் டாக்டர் இல்லை, தருமபுரி மாவட்டத்தில் ஒரு அரசு மகளிர் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மேல் வகுப்புகளுக்கு உயிரியல் எடுக்கிறேன், அதோடு நாப்கின் வைத்திருக்கும் பீரோவின் சாவியும் என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது, அதனால் இந்த விஷயத்தில் வீட்டுக்குத் தெரியாதது பலதும் எனக்குத் தெரியவருகிறது. கடிதம் நீளமாகத்தான் இருக்கும். வெட்டுவதானால் நடுவில் வெட்டுங்கள், விளம்பரம் பற்றிச் சொல்லியிருப்பதையும் கடைசியில் கேட்டிருப்பதையும் மட்டும் விட்டுவையுங்கள்.

உங்கள் கட்டுரையால் என்ன நடந்தது தெரியுமா? ஒரு தாய் அந்தப் பக்கத்தை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு பள்ளிக்கே வந்தார். "பேப்பர்லயே போட்டிருக்குங்க டீச்சர், சொன்னா கேக்கறாளா பாருங்க" என்று மகளைக் காட்டினார். அந்த வாரத்தோடு வீட்டில் கோழி நின்றது. முட்டையும் அந்தக் கோழி போடுவதுதானே என்று அதுவும் நின்றது. சத்துணவில் கொடுக்கிற முட்டையை அந்தப் பெண் இப்போது பக்கத்துத் தட்டில் தள்ளிவிடுகிறாள். ஏற்கெனவே ரத்த சோகைக்கு மாத்திரை வாங்குகிற பிள்ளை, ஆளும் ஒல்லி. அவளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சப் புரதத்தையும் உங்கள் அரைப் பக்கம் பிடுங்கிவிட்டது. செல்போனையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்களாம், அது போகட்டும், பரீட்சை நேரத்துக்கு நல்லதுதான்.

கோழி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அது சாப்பிடுகிற பெண்ணின் உடம்பில் ஏறுகிறது என்று சொல்லாத ஆள் இல்லை. ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கில் அடைந்து கிடக்கிற குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட்டால் கட்டுப்படியாகுமா என்று ஓசூர்ப் பக்கமோ நாமக்கல் பக்கமோ பண்ணை வைத்திருக்கிறவர்களைக் கேளுங்கள், சிரிப்பார்கள். அந்தக் கோழி ஆறு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு வருவது பல தலைமுறையாகச் சீக்கிரம் வளர்கிற இனத்தையே பொறுக்கிப் பொறுக்கிக் கலந்ததாலும், அளந்து போடுகிற தீவனத்தாலும்தான். பண்ணைகளில் ஆன்டிபயாடிக் கண்டபடி புழங்குகிறது என்பது நியாயமான கவலை, ஆனால் அதன் கெடுதல் வேறு, கிருமிகளுக்கு மருந்து கேட்காமல் போவது. சினைப்பைக் கோளாறோடு அதை முடிச்சுப் போட வேண்டியதில்லை.

இன்னொன்றும் யோசிக்கலாம். ஸ்டெய்ன், லெவென்தால் என்ற இரண்டு டாக்டர்கள் சிகாகோவில் 7 பெண்களைப் பரிசோதித்து இந்தக் கோளாறை முதன்முதலில் தெளிவாக எழுதியது 1935-ல். அன்றைக்கு இந்தப் பிராய்லரும் கிடையாது, செல்போனும் கிடையாது. அதற்கும் முன்னால் 1721-லேயே இத்தாலியில் வல்லிஸ்னேரி என்ற மருத்துவர், பிள்ளையில்லாத குடியானவப் பெண்களின் சினைப்பை பெருத்து மேடும் பள்ளமுமாக இருந்ததை எழுதி வைத்திருக்கிறார். காட்டில் பாடுபட்ட பெண்கள் அவர்கள். இத்தாலி என்பதால் வேண்டுமானால் பீட்சாவைச் சந்தேகப்படலாம்!

சரி, அப்போது உண்மையான காரணம்தான் என்ன? ஒற்றைக் காரணம் என்று எதையும் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பது ஓரளவு தெரியும். மாதாமாதம் சினைப்பையில் பல கருமுட்டைப் பைகள் ஒன்றாக வளரத் தொடங்கும், அதில் ஒன்று முந்திக்கொண்டு முற்றி வெடித்து முட்டையை வெளியே விடும். பிசிஓஎஸ் உள்ள பெண்ணுக்கு அவை எல்லாமே பாதியில் நின்றுவிடுகின்றன. நம் ஊர் மாந்தோப்பில் சில வருடம் கொத்துக் கொத்தாகப் பிஞ்சு பிடித்து ஒன்றுகூடத் தேறாமல் நிற்குமே, அந்த மாதிரி. ஸ்கேனில் கறுப்பு கறுப்பாகத் தெரிவது அந்தப் பிஞ்சுகள்தான், சில மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். புற்றுக் கட்டி இல்லை, அறுத்தெடுக்க வேண்டியதும் இல்லை. முட்டை வெளியே வராததால் மாதவிலக்கு தள்ளிப் போகிறது, சிலருக்கு மூன்று நான்கு மாதம்கூட.

அவை ஏன் பாதியில் நிற்கின்றன என்று கேட்டால் இரண்டு ஹார்மோன்களைச் சொல்ல வேண்டும். ஒன்று ஆண்ட்ரோஜன். ஆண் ஹார்மோன் என்று பாடப் புத்தகத்தில் படித்தாலும் பெண் உடம்பிலும் கொஞ்சம் இருப்பதுதான், இவர்களுக்கு அது கூடுதலாகச் சுரக்கிறது. மேல் உதட்டிலும் தாடையிலும் முடி, விடாத பரு, உச்சியில் முடி கொட்டுவது எல்லாம் அதன் வேலை. இன்னொன்று, நம் ஊரில் எல்லோருக்கும் பேர் தெரிந்த இன்சுலின். உடம்பின் தசையும் ஈரலும் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது கணையம் இன்னும் இன்னும் அதிகமாகச் சுரந்து கொட்டுகிறது. அப்படி ரத்தத்தில் மிதக்கிற இன்சுலின் சினைப்பைக்குப் போய் ஆண்ட்ரோஜனைக் கூட்டச் சொல்கிறது, ரத்தத்தில் ஆண்ட்ரோஜனைப் பிடித்துக் கட்டி வைக்கிற, ஈரலில் உண்டாகிற ஒரு புரதத்தையும் குறைத்துவிடுகிறது. இரண்டு பக்கமும் ஏறுகிறது. மூளையிலிருந்து வருகிற எல்எச் ஹார்மோனும் பல பேருக்கு அளவுக்கு மேல் இருக்கும், அதுவும் சினைப்பையை ஆண்ட்ரோஜன் பக்கமே தள்ளும். எல்லோருக்கும் இந்த இன்சுலின் கதை இருப்பதில்லை, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இருக்கிறது.

இந்த இன்சுலின் சங்கதியை ரத்தப் பரிசோதனை இல்லாமலே சில சமயம் கண்ணால் பார்க்க முடியும். பிள்ளைகள் இரட்டைச் சடையை முன்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு குனிந்து எழுதும்போது நான் பின்னாலிருந்து நடந்து வருவேன். வரிசைக்கு ஒன்றிரண்டு பேருக்குப் பின் கழுத்து பட்டையாகக் கறுத்து, வெல்வெட் துணி மாதிரி தடித்து இருக்கும். அம்மாக்கள் அதை அழுக்கு என்று நினைத்து பீர்க்கங்காய் நாரும் எலுமிச்சைத் தோலும் போட்டுத் தேய் தேயென்று தேய்த்து, திங்கட்கிழமை தோல் சிவந்து பொருக்குத் தட்டிப் போய் வருகிற பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். அது தேய்த்தால் போகிற அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் கூடிப்போயிருக்கிறது என்பதற்குப் பெரும்பாலும் அதுதான் வெளி அடையாளம். அந்தப் பிள்ளையிடம் மெதுவாக "மாசாமாசம் சரியா வருதா கண்ணு?" என்று கேட்டால் பாதிப் பேர் தரையைப் பார்ப்பார்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அந்தப் பிள்ளைகளிடம் அடுத்து நான் கேட்பது, "வீட்டுல யாருக்காவது சர்க்கரை இருக்கா?" அப்பாவுக்கு, ஆயாவுக்கு, அத்தைக்கு என்று சொல்லாதவர்கள் குறைவு. இது என் வகுப்பறையில் பார்த்தது, ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் ஆராய்ச்சியும் இதே பக்கம்தான் காட்டுகிறது. 2006-ல் நெதர்லாந்தில் இரட்டைப் பிறவிகளை வைத்துச் செய்த ஆய்வில், பிசிஓஎஸ் ஒருவருக்கு வருமா வராதா என்பதில் சுமார் 70 சதவீதம் பரம்பரையைப் பொறுத்தது என்று தெரியவந்தது. அதற்கப்புறம் சீனாவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரக்கணக்கான பெண்களின் மரபணுக்களைத் துருவி, தொடர்புள்ள இடங்களைக் குறித்திருக்கிறார்கள். ஒரே மரபணு இல்லை, பல சின்னச் சின்ன மரபணுக்கள் சேர்ந்து செய்கிற வேலை. அது அம்மா வழியாகத்தான் வர வேண்டும் என்றும் இல்லை. அப்பாவுக்கு மாதவிலக்கு இல்லை என்பதால் அவர் வழி கண்ணுக்குப் படுவதில்லை, அவ்வளவுதான். அவர் பக்கம் அது சர்க்கரையாக, கொழுப்பாக, தொப்பையாகத் தெரியலாம். மகளை "என்ன தின்னே, எப்ப தூங்குனே" என்று குடைகிற அப்பா, தன் சட்டைப் பையில் இருக்கிற சர்க்கரை மாத்திரையை ஒரு தரம் எடுத்துப் பார்க்கலாம்.

இதைச் சொன்னால் உடனே "அப்போ எங்க பரம்பரையிலயே கோளாறா?" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. கோளாறு என்று ஏன் நினைக்க வேண்டும்? நம் நாட்டுப் பிள்ளைகள் பிறக்கும்போதே எடை குறைவாக, ஆனால் அந்த எடைக்குக் கொழுப்பு கூடுதலாகப் பிறக்கிறார்கள் என்று புனேயில் டாக்டர் யாக்னிக் பல வருடம் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதனால்தான் நமக்கு வெள்ளைக்காரர்களைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. கர்ப்பத்திலேயே பிசிஓஎஸ்ஸுக்கு விதை விழுகிறதா என்றும் பார்க்கிறார்கள். கருவுற்ற குரங்குகளுக்கு ஆண்ட்ரோஜன் கொடுத்தபோது பிறந்த பெண் குட்டிகளுக்கு வளர்ந்ததும் இதே மாதிரி அடையாளங்கள் வந்தன. 2018-ல் பிரான்சில் எலிகளை வைத்து, ஏஎம்எச் என்ற ஹார்மோன் கர்ப்பத்தில் கூடினாலும் அப்படி ஆகிறது என்று காட்டினார்கள். மனிதர்களிலும் அப்படியேதான் என்று முடிவாகச் சொல்ல இன்னும் காலம் ஆகும். ஆனால் பத்தாவது படிக்கிற பெண் தன் அம்மா வயிற்றில் இருந்தபோது எந்தச் செல்போனையும் நோண்டவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அதற்காக உணவும் உடல் உழைப்பும் ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. பரம்பரையாக வந்ததைத் தூண்டிவிடுவதும் அடக்கி வைப்பதும் பெரிய அளவில் அவைதான். எடை கூடினால் இன்சுலின் கூடும், இன்சுலின் கூடினால் எடை குறைப்பது இன்னும் கஷ்டமாகும், இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்ட பெண்ணைப் பார்த்து "வாயைக் கட்டு" என்று சொல்வது சுலபம். குண்டாக இருக்கிறவர்கள் தங்கள் எடையில் 5 சதவீதம் குறைத்தாலே, அதாவது 70 கிலோ உள்ளவர் மூன்றரை கிலோ குறைத்தாலே, பல பேருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வரத் தொடங்கும். ஒல்லியாக இருந்தும் பிசிஓஎஸ் உள்ளவர்களும் கணிசம், அவர்களைப் பட்டினி போட்டால் இருப்பதும் கெடும்.

நம் மாவட்டங்களில் இது ஏன் இப்போது அதிகமாகக் கண்ணில் படுகிறது என்றால் அதற்கு எனக்கொரு எண்ணம் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி என்றால் கேழ்வரகு. என் மாமியார் காலத்தில் ராத்திரிக் களி, காலையில் கூழ், தொட்டுக்கொள்ளக் கொள்ளோ அவரையோ கீரைக் கடைசலோ. சாப்பிட்டுவிட்டுக் காட்டுக்குப் போனால் பொழுது சாயத்தான் வீடு. இன்றைக்கு மூன்று வேளையும் ரேஷன் அரிசி, நடுவில் பஸ் ஸ்டாண்டு பேக்கரி தேங்காய் பன், டீ. களி தின்றால் நீர்க்கட்டி கரையும் என்று நான் சொல்ல வரவில்லை, களியும் மாவுச்சத்துதான், உருண்டை உருண்டையாக விழுங்கினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஆனால் நார்ச்சத்தும் கூடவே பருப்பும் கீரையும் இருந்த தட்டு அது, வெறும் சோறும் குழம்பும் இருக்கிற தட்டு இது. 2023-ல் நம் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள், நல்ல காரியம். வாங்கி மாட்டுக்கு ஊற்றுகிற வீடும் எனக்குத் தெரியும்.

விளையாட்டைச் சொல்ல வேண்டும். வயதுக்கு வந்ததும் பாவாடை சட்டை மாறுகிற கையோடு ஓட்டமும் நின்றுவிடுகிறது. எட்டாம் வகுப்பு வரை கோகோ ஆடிய பிள்ளை ஒன்பதாவதில் மைதான ஓரம் நின்று பை காவல் காக்கிறாள். வீட்டுக்குப் போனாலும் நாலு சுவர். பரம்பரையில் சர்க்கரை இருக்கிற பிள்ளைக்கு இதைவிடக் கெடுதல் செய்ய முடியாது. ஓடிக்கொண்டிருந்த கால் நின்றதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை, ஜீன்ஸ் பேண்ட்டைப் பற்றி மூன்று வரி இருந்தது.

அப்புறம் கம்பெனி. பன்னிரண்டாவது முடித்ததும் ஓசூர்ப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ், கார்மெண்ட்ஸ் கம்பெனிகளுக்கு எங்கள் பழைய மாணவிகள் நிறையப் பேர் போகிறார்கள். கையில் காசு, பேங்க் கணக்கு, தைரியம் எல்லாம் வருகிறது, எனக்கு அதில் சந்தோஷம்தான். ஷிப்ட் மாறி மாறி ராத்திரி வேலை பார்க்கும்போது மாதவிலக்கு முன்பின் ஆவதும், தூக்கம் கெட்டால் உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்படுவது குறைவதும் ஆய்வுகளில் தெரிந்ததுதான். ஆனால் ராத்திரி ஷிப்டே பிசிஓஎஸ்ஸை உண்டாக்குகிறது என்று நிரூபணம் இல்லை. ஆகவே வேலையை விட்டு நிறுத்துகிறேன் என்று கிளம்புகிற அண்ணன்மார் கொஞ்சம் பொறுக்கவும். ஷிப்டை அடிக்கடி மாற்றாமல் இருந்தாலே பெரிய உதவி.

தண்ணீரைச் சொல்கிறவர்களும் இங்கே உண்டு. நம் மாவட்டத்துக்காரர்கள் எதற்கெடுத்தாலும் தண்ணீரைச் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லில் மஞ்சள் கறையோடும் மடங்காத மூட்டோடும் ஒரு தலைமுறையே வளர்ந்தது, 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகுதான் பல ஊர்களுக்கு நிம்மதி. ஆனால் ஃபுளோரைடு கெடுப்பது பல்லையும் எலும்பையும், பிசிஓஎஸ்ஸை அதன் கணக்கில் எழுத ஆதாரம் இல்லை. பிளாஸ்டிக் கொஞ்சம் வேறு. சில பிளாஸ்டிக் டப்பாக்களிலும் டின்களின் உள்பூச்சிலும் இருக்கிற பிஸ்பினால்-ஏ என்ற ரசாயனம், பிசிஓஎஸ் உள்ள பெண்களின் ரத்தத்தில் கூடுதலாக இருந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அது காரணமா, இல்லை ஆண்ட்ரோஜன் கூடியதால் அந்த ரசாயனம் உடம்பில் தங்கிவிடுகிறதா என்பது முடிவாகவில்லை. கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்காமல் இருப்பது எப்படியும் நல்லது, அதற்கு மேல் பயப்பட வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் உங்கள் கட்டுரை தொடவில்லை. மாதவிலக்கு தள்ளிப் போவதெல்லாம் பிசிஓடி கிடையாது. தைராய்டு குறைந்தாலும் போகும், பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடினாலும் போகும், சாப்பாடு போதாமல் எடை இறங்கினாலும் போகும். வலிப்புக்குக் கொடுக்கிற வால்புரோயேட் மாத்திரை சிலருக்கு பிசிஓஎஸ் மாதிரியே கொண்டுவரும், அதற்காக யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வயதுக்கு வந்த முதல் ஓரிரு வருடம் மாதவிலக்கு முன்பின்னாக இருப்பது சகஜம். இது தெரியாமல் பதிமூன்று வயதுப் பிள்ளையை ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்து ஸ்கேன் சென்டர் பெஞ்சில் நெளிய வைத்து, "பிசிஓடி" என்று சீட்டு வாங்கி வருகிறார்கள். அந்த வயதில் நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கும் சினைப்பை அப்படித்தான் தெரியும். 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், வயதுக்கு வந்து 8 வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்கிறது. மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் கூடுதல் இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அந்த வயதில் பேரே வைக்கலாம். இப்படித் தேவையில்லாமல் முத்திரை குத்தப்படுகிறவர்கள் ஒரு பக்கம், உண்மையில் இருப்பவர்களில் 70 சதவீதம் பேர்வரை கண்டுபிடிக்கப்படாமலே இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கர்ப்பப்பை உள்சவ்வு மாதக்கணக்கில் கழியாமல் தடித்துக்கொண்டே போனால் பிற்காலத்தில் அங்கே புற்றுக்கு வாய்ப்பு கூடுகிறது, சர்க்கரைக்கும் கூடுகிறது. ஆகையால் "வரலைன்னா நிம்மதிதானே மிஸ்" என்று சிரிக்கிற பிள்ளையோடு என்னால் சேர்ந்து சிரிக்க முடிவதில்லை.

இனி விளம்பரம். உங்கள் கட்டுரை வந்த அதே பக்கத்தின் கீழே, 'நீர்க்கட்டி 90 நாளில் கரையும், மாதவிலக்கு சீராகும், உத்தரவாதம்' என்று ஒரு சூரண விளம்பரம் போட்டிருந்தீர்கள். மேலே பயம், கீழே மருந்து, நல்ல ஏற்பாடு. 1954-ம் வருடத்து மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பெண்களின் மாதவிலக்குக் கோளாறைச் சரிசெய்வதாக எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக் கூடாது என்று அதன் 3-வது பிரிவிலேயே இருக்கிறது. எழுபது வருடத்துப் பழைய சட்டம் ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குத் தெரியாமல் இருக்காது. சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை, அரசு ஆஸ்பத்திரியிலேயே சித்தா பிரிவு இருக்கிறது, அங்கே நாடி பிடித்துப் பார்த்துக் கொடுக்கிறவர்கள் உத்தரவாதம் எல்லாம் கொடுப்பதில்லை.

கல்யாணத்தைச் சொல்லாமல் விட முடியாது. இந்தப் பக்கத்தில் பதினெட்டு ஆவதற்கு முன்னால் நடக்கிற கல்யாணங்களை நிறுத்த அதிகாரிகள் படுகிற பாடு உங்கள் பத்திரிகையிலேயே அடிக்கடி வருகிறது. "நீர்க்கட்டி இருக்குதாம், லேட் பண்ணா புள்ள தங்காதாம், கட்டிக் குடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்பது அதற்குப் புதிதாகக் கிடைத்திருக்கிற சாக்கு. கல்யாணத்தால் இன்சுலினும் ஆண்ட்ரோஜனும் இறங்காது. பிசிஓஎஸ் உள்ள பெண்களில் பெரும்பாலானவர்கள் குழந்தை பெற்றுக்கொள்கிறார்கள், சிலருக்கு முட்டை வெளிவருவதற்கு லெட்ரோசோல் மாதிரி மாத்திரை தேவைப்படும், அவ்வளவுதான். அதைப் பதினேழு வயதில் யோசிக்க வேண்டிய அவசியம் என்ன? அடுத்த கூத்து, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று மாத்திரையையே நிறுத்திவிடுவது. மாப்பிள்ளையின் சர்க்கரையை மட்டும் யாரும் மறைப்பதாகத் தெரியவில்லை, கிடா வெட்டு விருந்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து மாத்திரை போடுகிறார்.

பிராய்லருக்கும் ஜீன்ஸுக்கும் பதிலாக என்ன எழுதலாம் என்று கேட்டால் சொல்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வாசலுக்கே வந்து அப்பாவுக்கும் ஆயாவுக்கும் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கிறார்கள், சீட்டில் குறித்துக்கொள்கிறார்கள். அதே வாசலில் சர்க்கரைக்காரரின் மகள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் "மாசாமாசம் வருதாம்மா, கழுத்து கறுத்திருக்கா, முகத்தில முடி வருதா" என்று கேட்க ஒரு நிமிடம் ஆகாது. அந்தச் சீட்டில் இதற்கு ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி உங்கள் பத்திரிகை எழுதினால் கலெக்டர் ஆபீஸ்வரை போகும், என் மாதிரி டீச்சர் எழுதினால் தலைமை ஆசிரியர் மேஜையைத் தாண்டாது.

பள்ளியிலும் வழி இருக்கிறது. புதுயுகம் திட்டத்தில் நாப்கின் கொடுக்கும்போது சில பிள்ளைகள் "போன தடவ குடுத்ததே அப்படியே இருக்குங்க மிஸ், வேணாம்" என்பார்கள். வீட்டில் துணி வைத்துக்கொள்கிறாளோ என்று முதலில் தோன்றும், சிலர் அப்படியும்தான். ஆனால் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளை திரும்பத் திரும்ப வேண்டாம் என்றால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கேட்டதில் ஒரு பிள்ளைக்கு தைராய்டு என்று பின்னால் தெரிந்தது, இன்னும் இரண்டு மூன்று பேர் இப்போது அரசு ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள். அதில் ஒருத்தி சாயங்காலம் தம்பியின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு ஏரிக்கரை வரை மிதிக்கிறாளாம், தம்பி என்னிடம் வந்து புகார் சொல்கிறான்.

கடைசியாகக் கேட்பது இதுதான். அரை பக்கம் கொடுத்த அதே ஞாயிறு இணைப்பில் ஒரு அரைப் பக்கம் கொடுங்கள். நம் மாவட்டத்தில் மகப்பேறு பார்க்கிற, சர்க்கரை பார்க்கிற டாக்டர்கள் இரண்டு பேரை உட்கார வைத்துப் பெண் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் வாங்கிப் போடுங்கள். கேள்விக்கு நீங்கள் அலைய வேண்டாம், எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிள்ளைகள் பேர் எழுதாமல் போட்ட சீட்டு நிறையக் கிடக்கிறது. "மீசையை எடுத்தால் இன்னும் அடர்த்தியா வருமா", "இது தங்கச்சிக்கும் வருமா", "மாத்திரை போட்டால் குண்டாயிடுவேனா", "அப்பா இன்சுலின் ஊசி போடுறார், எனக்கு அதனாலயா" என்றெல்லாம் இருக்கிறது. சொன்னால் அப்படியே எழுதி அனுப்புகிறேன். போடும்போது பள்ளிப் பேரைப் போட்டுவிடாதீர்கள், கையெழுத்தைக்கூட அச்சில் காட்ட வேண்டாம், ஊர் சின்னது. அந்த வாரம் கீழே சூரண விளம்பரமும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு அறிவியல் ஆசிரியை,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.